ஏட்டிற் பதிந்த உள்ளம்: இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை

அச்சுவேலியிலிருந்து ஆவரங்கால், புத்தூர் வழியாக யாழ்ப்பாணம் நோக்கிச் செல்வோர் சிறுப்பிட்டி என்னும் சிற்றூரைக் கடந்தே செல்லல் வேண்டும். நம் கல்லூரிப் பழைய மாணவருட் பலர் துவிச்சக்கரவண்டியிலும் பேருந்திலும் அவ்வூரைப் பன்முறை கடந்திருப்பர். புகையிலைத் தோட்டமும் வெங்காயப் பாத்தியும் கற்கிணறும் பனங்கூடலும் நிறைந்த அம்மண்ணிலே, 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆம் நாள், வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் ஓர் ஆண்மகவு பிறந்தது. பிற்காலத்திலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து மீட்டு அச்சிலேற்றித் தமிழுலகத்துக்கு அளித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே அம்மகவு.

பிள்ளையவர்களின் பதிப்புப் பணியைப் பாராட்டி எழுதியோர் பலர். அப்பணியின் பட்டியலை மட்டும் மீண்டும் எழுதுதல் நம் கருத்தன்று. உயர்ந்த உத்தியோகமும் நிறைந்த ஊதியமும் பெற்ற ஒருவர், செல்லரித்த ஏடுகளைத் தேடித் தம் பொருளையும் பொழுதையும் கண்ணொளியையும் ஏன் செலவிட்டார்? அவரை அவ்வழியிற் செலுத்தியது யாது? இவ்வினாவை உளநூலார் ஊக்கல் என்றும், மனவெழுச்சி என்றும், நெருக்கீடு என்றும், ஆளுமை என்றும் வகுத்துக் காண்பர். அந்நோக்கிலே பிள்ளையவர்களின் வாழ்க்கையை ஒருமுறை ஆராய்ந்து பார்த்தல், கற்பிப்போராகிய நமக்கும் கற்போராகிய மாணவருக்கும் பயன் தருவதாகும்.

இளமையிலே பிள்ளையவர்கள் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலக் கல்வியைத் தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிலே தொடங்கி, 1844ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைச் செமினறியிற் சேர்ந்தார். 1823ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அக்கல்விநிலையம் கணிதம், வானநூல், மெய்யியல், ஆங்கிலம், தமிழ் என்பவற்றை ஒருங்கே கற்பித்தது. எட்டாண்டுகள் அங்கே கற்றுத் தேறிய பிள்ளையவர்கள், 1852ஆம் ஆண்டு, இற்றைநாளிலும் ஆசிரியர் பயிற்சிக்குப் பெயர்பெற்ற கோப்பாயிலே ஆசிரியப் பணியை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 20. சிறிது காலத்துள்ளே குமரகுருபர அடிகளின் நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிட்டு வெளிப்படுத்தினார். அதுவே அவர் பதிப்பித்த முதல் நூல்.

பேர்சிவல் பாதிரியார் சென்னையிலே நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகைக்கு ஆசிரியர் ஒருவர் வேண்டப்பட்டார். அவ்வழைப்பை ஏற்றுப் பிள்ளையவர்கள் கடல் கடந்தார். 1857ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் அவருக்கு வட்டுக்கோட்டையிலே ஆசிரியராயிருந்த கறல் விசுவநாதபிள்ளை. ஆசிரியரும் மாணவரும் ஒரே தேர்விலே ஒருங்கு தேறிய அந்நிகழ்ச்சி, யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றிலே பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்கது. பின்னர்ப் பிள்ளையவர்கள் கள்ளிக்கோட்டையிலே கற்பித்தார். சென்னை அரசாங்கத்தின் கணக்குச் சாலையிலே சேர்ந்து படிப்படியாக உயர்ந்து விசாரணைக் கர்த்தர் என்னும் பதவியை அடைந்தார். 1871ஆம் ஆண்டு சட்டப் பட்டமும் பெற்றார். 1882ஆம் ஆண்டு அரசாங்கப் பணியினின்றும் இளைப்பாறினார்.

இவ்வளவில் நின்றிருப்பினும் அவர் வாழ்வு பிறர் மதிக்கும் நல்வாழ்வாகவே அமைந்திருக்கும். ஊரவர் பெருமை பேசியிருப்பர். இரண்டு தலைமுறையுள் மறந்துமிருப்பர். மறவாமைக்குக் காரணம், ஊதியத்துக்கு அப்பாற்பட்ட அவருடைய மற்றொரு முயற்சியே.

அமெரிக்க உளநூலாராகிய ஆபிரகாம் மாஸ்லோ என்பவர் 1943ஆம் ஆண்டு ஒரு கொள்கையை வெளியிட்டார். மனிதன் தேவைகள் படிப்படியாக அமைந்தவை. பசியும் தாகமும் முதற்படி. அச்சமின்மை அடுத்த படி. அன்பும் மதிப்பும் அதற்கு மேற்பட்டவை. தன் ஆற்றல் முழுவதும் மலர வாழ்தல் உச்சிப்படி. கீழ்ப்படி நிறைந்த பின்னரே மேற்படியில் மனம் செல்லும் என்பது அதன் சாரம். மேலெழுந்தவாரியாகப் பார்க்குங்கால், பிள்ளையவர்கள் வாழ்வு இக்கொள்கைக்கு உதாரணம் போலத் தோன்றும். உத்தியோகத்திலே பொருளும் மதிப்பும் ஈட்டினார். இளைப்பாறிய பின் தமிழ்த்தொண்டு செய்தார் என்று சொல்லிவிடலாம்.

ஆண்டுகளை நோக்கினால் அவ்வாறன்று என்பது புலனாகும். நீதிநெறி விளக்கம் வெளிவந்தபோது அவர் பொருளில்லாத இளைஞர். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு, ஆறுமுக நாவலர் அவர்களாற் பரிசோதிக்கப்பட்டு, 1868ஆம் ஆண்டு பிள்ளையவர்கள் வெளியீடாக வந்தபோது அவர் அரசாங்கப் பணியின் நடுவில் இருந்தார். வீரசோழியம் வெளிவந்த 1881ஆம் ஆண்டிலும் அவ்வாறே. இளைப்பாறிய பின்னரும் அவர் ஓய்ந்திருந்தவர் அல்லர். கும்பகோணத்திலே வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே நீதிபதியாக இருந்தார். கலித்தொகை 1887இலும், இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889இலும் வெளிவந்தன. பகலில் வழக்கு, இரவில் ஏடு என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். கீழ்ப்படி நிறைந்த பின் மேற்படி என்னும் ஒழுங்கு இங்கே இல்லை. இரண்டும் உடன் நிகழ்ந்தன. மாஸ்லோவின் படியொழுங்கை அவ்வாறே கொள்ளுதல் பொருந்தாது என்பதைப் பின்வந்த உளநூலாரும் எடுத்துக் காட்டியுள்ளனர்.

இதற்குப் பொருத்தமான விளக்கத்தை மற்றோர் அமெரிக்க அறிஞராகிய கோர்டன் ஆல்போர்ட் 1937ஆம் ஆண்டு எழுதிய ஆளுமை பற்றிய நூலிற் காணலாம். ஒருவன் ஒரு செயலை ஒரு நோக்கம் பற்றித் தொடங்குகின்றான். நாட்கள் செல்லச் செல்ல அந்நோக்கம் மறைந்துவிடினும் செயல் நிற்பதில்லை, செயலே நோக்கமாகிவிடுகின்றது. பிழைப்புக்காகக் கடலிற் சென்றவன், பொருளீட்டிக் கரையேறிய பின்பும் கடலைக் காணாதிருக்க ஆற்றாதவனாவான். முன்னைய வேரினின்றும் நீங்கித் தன்வேரில் நிற்கும் ஊக்கல் இதுவாம்.

பிள்ளையவர்களுக்குத் தமிழ் முதலிலே கல்வியாக வந்தது. பின்னர்ப் பத்திரிகைத் தொழிலாக, வயிற்றுப் பிழைப்பாக வந்தது. கணக்குச் சாலைக்குச் சென்ற பின்னர் அவர் ஊதியத்துக்குத் தமிழ் வேண்டப்படவில்லை. ஆயினும் தமிழ் அவரை விட்டிலது. கூலியின்றி, கட்டளையின்றி, தேர்வின்றி நின்ற அவ்வூக்கலே அவரது உண்மை ஊக்கல் என்று நாம் துணிகின்றோம். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் உள்ளன என்பர். மனிதருட் பலருடைய உள்ளமும் அத்தகையதே. மேலே நல்ல நோக்கமும் அடியிலே தன்னலமும் கிடக்கும். பிள்ளையவர்கள் உள்ளத்திலோ மேலே ஊதியமும் பதவியும் தோன்ற, அடியிலே ஊற்றெடுத்தது நன்னீர்.

இனி மனவெழுச்சியைக் காண்போம். நாவலரவர்கள் உயிரோடிருந்த காலத்திலே, பழந்தமிழ் நூல்களை அவரே பரிசோதித்து அச்சிடுவார் என்று தமிழறிந்தோர் எதிர்பார்த்திருந்தனர். 1879ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் நாவலரவர்கள் இவ்வுலகை நீத்தார். ஏடுகளோ ஒருவருக்காகவும் காத்திருப்பனவல்ல. கறையானும் ஈரமும் அவற்றை நாடோறும் உண்டன. ஓரிடத்துப் பிரதியிலே முதலில்லை. மற்றோரிடத்துப் பிரதியிலே முடிவில்லை. பல வீடுகளிலே ஏடுகள் பூசைக்குரியனவாய்ப் பெட்டியிற் கிடந்தன, படிப்பாரில்லை. இந்நிலையைப் பிள்ளையவர்கள் தம் பதிப்புரைகளிலே கற்போர் நெஞ்சுருகுமாறு எழுதினார். இன்னும் சில ஆண்டுகள் கழியின் இந்நூல்களின் பெயர் மட்டுமே எஞ்சும் என்னும் அச்சம் அவரை உறங்கவிடாமல் எழுப்பிற்று என்று சொல்லலாம்.

அவர் 1885ஆம் ஆண்டு அச்சிலேற்றிய தொல்காப்பியப் பொருளதிகாரத்திலே மெய்ப்பாட்டியல் என்னும் இயல் உளது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளையும், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களம் பற்றித் தோன்றும் ஆற்றினையும் அது கூறுகின்றது. உள்ளத்து நிகழ்வது உடம்பிலே புலப்படும் முறையைச் செய்யுள் நோக்கிலே ஆராயும் இயலாயினும், மனவெழுச்சி வெறுங்காற்றுப் போலத் தானே எழுவதன்று, அதற்குரிய காரணம் பற்றியே எழும் என்னும் உண்மை அதன் அடிப்படையாக உளது. நிகழ்ச்சியை உள்ளம் எவ்வாறு மதிப்பிடுகின்றதோ அவ்வாறே மனவெழுச்சி பிறக்கும் என்று 20ஆம் நூற்றாண்டின் உளநூலார் விரித்துரைத்ததை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம். மனவெழுச்சி பற்றிய தமிழரின் பழைய சாத்திரம் நம் சிறுப்பிட்டியார் கையாலே அச்சேறியது என்பது எண்ணுந்தோறும் இன்பம் தருகின்றது.

அழுகைக்கு நிலைக்களமாக அவ்வியல் கூறுவனவற்றுள் இழப்பும் ஒன்று. ஏடுகள் அழிதல் பலரும் கண்ட இழப்பே. கண்டோர் சிலர் வருந்தினர். சிலர் வருந்துதலுஞ் செய்திலர். பிள்ளையவர்கள் மட்டும் அவ்வழுகையைச் செயலாக மாற்றினார். வருத்தம் ஒன்றே எவரையும் உயர்த்துவதில்லை. வருந்திய பின் கை எதனைத் தொடுகின்றது என்பதே ஒருவன் தரத்தைக் காட்டும்.

அச்செயல் எளிதாக நடைபெறவில்லை. ஏடு தேடுதற்கும் பிரதி செய்வித்தற்கும் தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் பொருள் வேண்டும். வாங்குவோர் சிலர், குறை கூறுவோர் பலர். உடல் தாங்கும் அளவுக்கு மேற்பட்ட சுமை நீடிக்குமாயின் முதலில் அதிர்ச்சியும், பின்னர் எதிர்த்து நிற்றலும், இறுதியிற் சோர்வும் உண்டாகும் என்று ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர் 1936ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சிகளாற் காட்டினார். நெருக்கீடு என்னும் கருத்து உளநூலிலும் மருத்துவத்திலும் அதன் பின்னரே பரவிற்று. றிச்சேட் லாசரஸ், சூசன் போக்மன் என்னும் இருவரும் 1984ஆம் ஆண்டு எழுதிய நூலிலே, நெருக்கீட்டை எதிர்கொள்ளும் வழி இருவகைப்படும் என்றனர். நெருக்கீட்டை விளைக்கும் நிலையையே மாற்ற முயல்வது ஒன்று. மாற்ற இயலாதவிடத்து உள்ளத்தைத் தேற்றிக்கொள்வது மற்றொன்று. எவ்விடத்து எவ்வழி பொருந்தும் என்று தெரிந்து கொள்வோனே நிலைகுலையாது நிற்பான்.

பிள்ளையவர்கள் இரண்டனையும் அறிந்தவர். ஒரு பிரதி பிழையுடையதாயின் வேறு பிரதி தேடினார். ஒருவர் உதவாராயின் மற்றொருவரை நாடினார். பதிப்பிலே பிழை இருத்தல் கூடும் என்பதைத் தாமே முன்வந்து அறிவித்து, அறிந்தோர் திருத்துமாறு வேண்டினார். இஃது உள்ளத்துக்குப் பெரியதோர் ஆறுதல். பிழையே செய்யேன் என்று செருக்கி நிற்பவனை ஒரு சிறு கண்டனமும் வீழ்த்திவிடும். பிழை வரும் என்று உணர்ந்து தொடங்கியவனைக் கண்டனம் திருத்துமேயன்றி வீழ்த்தாது.

கும்பகோணத்து நிகழ்ச்சியொன்றை இங்கே நினைவுகூர்தல் தகும். அந்நகரக் கல்லூரியிலே தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் அவர்கள் அக்காலத்திலே சீவகசிந்தாமணியை ஆராய்ந்து கொண்டிருந்தார். பிள்ளையவர்கள் அவரிலும் 22 ஆண்டு மூத்தவர். பதிப்புத் துறையிலே அனுபவம் பெற்றவர். தாமே அந்நூலை வெளியிட விரும்பி ஐயரவர்களிடம் கேட்டார். ஐயரவர்களோ தம் உழைப்பின் பயனைத் தாமே வெளியிடும் உறுதியினராய் உடன்படவில்லை. இதனை ஐயரவர்கள் தம் வரலாற்றிலே எழுதியுள்ளார். மூத்தோர் கேட்க இளையோர் மறுப்பது இருவர்க்கும் நெருக்கீடு தருவதே. இத்தகைய இடத்திலே பகை வளர்த்துப் பணியைக் கைவிட்டோர் வரலாறுகள் பல. இங்கு நிகழ்ந்ததோ வேறு. 1887ஆம் ஆண்டிலே ஐயரவர்களின் சிந்தாமணியும் வெளிவந்தது. பிள்ளையவர்களின் கலித்தொகையும் வெளிவந்தது. ஒரு நூல் கிடைக்கவில்லையென்று வாளாவிராது மற்றொரு நூலிலே மனத்தைச் செலுத்தியமையால் தமிழன்னை ஓராண்டிலே இரண்டு அணிகலன்களைப் பெற்றாள்.

ஆளுமை என்பது யாது? ஒருவனுடைய எண்ணம், உணர்ச்சி, ஒழுகலாறு என்பன இடமும் காலமும் மாறியபோதும் மாறாது காட்டும் தனிப்பாங்கே ஆளுமை என்பர். பிள்ளையவர்கள் ஆசிரியராகவும், பத்திரிகாசிரியராகவும், கணக்குப் பரிசோதகராகவும், வழக்கறிஞராகவும், நீதிபதியாகவும், பதிப்பாசிரியராகவும் விளங்கினார். இவையெல்லாம் வெவ்வேறு தொழில்களாகத் தோன்றினும் உள்ளே ஓடும் நூலிழை ஒன்றே. கணக்கேட்டிலே ஒரு தொகை மற்றொரு தொகையோடு பொருந்துகின்றதா என்று நோக்கும் கண்ணே, ஓர் ஏட்டின் பாடம் மற்றோர் ஏட்டின் பாடத்தோடு பொருந்துகின்றதா என்றும் நோக்கிற்று. இருதிறத்தார் கூற்றையும் கேட்டுத் தீர்ப்புரைக்கும் அறிவே, பாடபேதங்களுள் ஒன்றைத் தெரிந்து கொள்ளவும் உதவிற்று. தொழில் அவரைத் தமிழினின்றும் பிரித்தது என்பாருளர். தொழிலிலே பழகிய நுணுக்கம் தமிழுக்கே வந்து சேர்ந்தது என்று நாம் கூறுவோம்.

அவர் குறையே இல்லாதவர் என்று நாட்டுதல் நம் நோக்கமன்று. பொருளதிகாரம் முழுவதற்கும் உள்ள உரை நச்சினார்க்கினியர் உரையே என்று கருதி அவர் பதிப்பித்தார். மெய்ப்பாட்டியல் முதலிய இறுதி இயல்களுக்கு அமைந்த அவ்வுரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த அறிஞர் ஆராய்ந்து காட்டினர். அவ்வாறு காட்டுதற்கும் அந்நூல் அச்சிலே கைக்கெட்டியதாய் இருத்தல் வேண்டுமன்றோ? பிழையோடேனும் நூலைத் தந்தவர் அவர். பிழை நீக்க வாய்ப்புப் பெற்றோர் பின்வந்தோர். முற்றும் திருந்திய பின்பே வெளியிடுவேன் என்று அவர் காத்திருந்தால் ஏடும் இராது, ஆராய்ச்சியும் இராது.

சென்னையிலும் புதுக்கோட்டையிலும் வாழ்ந்தபோதும் அவர் பிறந்த நாட்டை மறந்தாரல்லர். ஏழாலையிலே ஒரு சைவ வித்தியாசாலையை நிறுவினார். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் அவர்கள் அங்கே தலைமையாசிரியராக இருந்து கற்பித்தார். மிஷன் பாடசாலையிலே கிறித்தவச் சூழலிற் பயின்ற பிள்ளையவர்கள் சைவநெறியிலே நின்று சைவ மகத்துவம் என்னும் நூலையும் எழுதினார். 1895ஆம் ஆண்டு அரசாங்கத்தார் இராவ்பகதூர் என்னும் பட்டத்தை வழங்கினர். 1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாம் நாள், புதிய நூற்றாண்டு பிறந்த அன்றே, பிள்ளையவர்கள் சென்னையிலே இவ்வுலக வாழ்வை நீத்தார். தமிழ்ப் புலவர் இரங்கற்பாக்கள் பாடி அவர் பிரிவுக்கு வருந்தினர்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நம் தலைமுறையினர் இழப்பை நூல்களிற் படித்து அறிந்தவர் அல்லர். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. 1995ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே வீடுவாசலை விட்டு நீங்கியபோது, குழந்தையையும் முதியோரையும் தாங்கிய கைகளால் புத்தகப் பெட்டியையும் தாங்க இயலவில்லை. மீண்டு வந்து பார்த்தபோது பலர் வீடுகளிலே ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை, சில வீடுகளிலே கூரையும் இல்லை. அந்நெருக்கீட்டின் வடு இன்றும் பலர் உள்ளத்திலே உண்டு. அதனை மறைத்து நகைமுகம் காட்டுக என்று எவருக்கும் கூறுவது முறையன்று. எஞ்சியதைத் தேடு, கிடைத்ததைப் பிரதி செய், பிழையோடேனும் அடுத்தவர் கையிற் கொடு என்பதே பிள்ளையவர்கள் வாழ்ந்து காட்டிய வழி. பழைய மாணவர் தம் இல்லங்களிலே கிடக்கும் கையெழுத்துப் பிரதிகள், பழைய பாடநூல்கள், கல்லூரி மலர்கள், நிழற்படங்கள் என்பவற்றை ஒருங்கு திரட்டிப் பேணுதல் இவ்விழாவாண்டிலே தொடங்கத்தக்க பணியாகும்.

மாணவர்க்கும் ஒரு சொல். தேர்வுக்காகப் படிக்கின்றோம், உத்தியோகத்துக்காகப் படிக்கின்றோம் என்று நாணுதல் வேண்டா. பிள்ளையவர்களும் பிழைப்புக்காகவே கடல் கடந்தார். தொடங்கிய நோக்கம் சிறிதாயினும் குற்றமில்லை. அந்நோக்கம் முடிந்த பின்னரும் புத்தகம் கையிலே நிற்கின்றதா என்பதே வினா. ஆசிரியர்களாகிய நாமும் ஒன்றை மறத்தலாகாது. மாணவன் இன்று எதற்காகப் படிக்கின்றான் என்பதை வைத்து அவனை அளந்துவிடுகின்றோம். 1852இலே கோப்பாயிற் கற்பித்த இளைஞரை அவ்வாறு அளந்திருந்தால், கலித்தொகை அவருள்ளே காத்திருந்ததை எவர் கண்டிருப்பர்?

மெய்ப்பாட்டியல் பெருமிதத்துக்கு நிலைக்களமாகக் கல்வியையும் அஞ்சாமையையும் புகழையும் ஈகையையும் கூறும். நான்கும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைதல் அரிது. சிறுப்பிட்டியிற் பிறந்த ஒருவரிடம் அவை அமைந்தன. அவ்வூரை இனிக் கடந்து செல்லும்போது நம் கல்லூரி மக்கள் ஒரு கணமேனும் அவரை நினைவார்களாக. அவர் தொடங்கிய பணி முற்றுப்பெறவில்லை. அதனைத் தொடரும் கைகள் நம் கல்லூரியிலிருந்தும் எழுக.